குளிர் ஊரில் பூனை வளர்ப்போருக்கு: சேட்டையா, கோளாறா?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் பூனை வளர்க்கிறவர்கள் "எங்க பூனை மட்டும் ஏன் இப்படிப் பண்ணுது?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். எல்லாப் பூனையும் அப்படித்தான் பண்ணும். வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. அதன் உடல் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள காற்று 30 டிகிரியைத் தாண்டினால்தான் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அது தனியாகப் பாடுபட வேண்டியிராது. அந்தப் பிராணியை நாம் 1,800 மீட்டர் உயரத்தில், மூடுபனியில், தகரக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறோம். ஆகவே இங்கே எந்தச் சேட்டையைப் பார்த்தாலும் முதலில் சூட்டை நினையுங்கள், அப்புறம் பசி, அப்புறம் வலி. பெரும்பாலும் காரணம் இந்த மூன்றில் ஒன்றில் அகப்பட்டுவிடும். எங்கே காத்திருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

அறிகுறி: ரிமோட்டை அழுத்தினால் சேனல் மாறவில்லை

பேட்டரியை மாற்றும் முன் செட்டாப் பாக்ஸைப் பாருங்கள். அதன் மேல் பூனை படுத்திருக்கும், வால் முன்பக்கமாகத் தொங்கும். ரிமோட்டின் கதிர் போய்ச் சேர வேண்டிய சின்னக் கறுப்புக் கண்ணாடியை அந்த வால் மறைத்திருக்கும். வாலை ஒதுக்கினால் சேனல் மாறும். கொஞ்ச நேரத்தில் வால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

பழைய குண்டு டிவி இருந்த காலத்தில் அதன் முதுகே பூனைக்குப் படுக்கை. டிவி சுவரோடு ஒட்டிக்கொண்ட பிறகு வீட்டில் நாள் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும் இடங்கள் செட்டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டர், இன்வெர்ட்டர், லேப்டாப் என்று சுருங்கிவிட்டன. பூனை இவற்றை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடும். வேலை நடுவே கீபோர்டில் வந்து படுப்பதற்கும் இதுதான் காரணம். அங்கே உங்கள் கையின் சூடும் சேர்ந்து கிடைக்கிறது.

விரட்டிப் பயனில்லை. அதைவிடச் சூடான இடம் ஒன்றைக் கொடுத்தால் பூனை தானே மாறிக்கொள்ளும். மளிகைக் கடையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வாங்கி, உள்ளே பழைய கம்பளித் துண்டை விரித்து, தரையை விட்டு உயரமாக, ஜன்னல் காற்று படாத அலமாரியில் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் காந்தல், தலைகுந்தா பக்கம் புல்லில் உறைபனி விழும். அந்த இரவுகளில் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர இடம் வேண்டும். பெட்டியில் ஒளிந்துகொள்ள முடிவதும் அதற்கு நிம்மதி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளிய பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன.

பூனை இடம் மாறிய பிறகு ரூட்டர், இன்வெர்ட்டரின் காற்றுத் துளைகளைப் பழைய பல் பிரஷால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். முடி அடைத்தால் அவை கொதித்துப்போகும்.

அறிகுறி: ஒரு பக்க மீசை மட்டும் சுருண்டிருக்கிறது

கிட்டத்தில் பாருங்கள். நுனி பழுப்பாகிச் சுருண்டு, விரல் பட்டால் பொடியும். அடுப்புக்கு மிக அருகில் உட்கார்ந்ததன் அடையாளம் அது. நமக்குச் சுட ஆரம்பிக்கும் அளவைத் தாண்டியும் பூனையின் தோலுக்குச் சூடு உறைப்பதில்லை, அதனால் முடி பொசுங்கும் வரை நகராது. மீசையை வெட்டிச் சமன் செய்யாதீர்கள். இருட்டில் சந்தின் அகலத்தை அளக்கவும், வாய்க்கு நேர் எதிரே இருக்கும் இரையைத் தெரிந்துகொள்ளவும் அது மீசையைத்தான் நம்பியிருக்கிறது. பொசுங்கியது தானே உதிர்ந்து புதிது முளைக்கும். ரோமத்துக்குக் கீழே தோல் சிவந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடிக்கொண்டு படுப்பது பூனைக்கும் உங்களுக்கும் சேர்த்தே ஆபத்து. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது. பூனை சுகமாகத் தூங்குகிறது என்றே நினைப்பீர்கள்.

அறிகுறி: காலையில் வண்டிக்குள்ளிருந்து கத்தல்

சாவியைத் திருப்பாதீர்கள். இரவில் வந்து நின்ற ஜீப்போ காரோ வெகுநேரம் சூடு விடும். பூனை சக்கரத்தின் வழியாக ஏறி எஞ்சினுக்குப் பக்கத்தில் படுத்துவிடும். பானட்டை இரண்டு தட்டுத் தட்டி, ஹாரன் அடித்து, கொஞ்சம் பொறுத்து, பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கத்தல் கேட்காத நாளிலும் இதைச் செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பூனைக்கும் உங்கள் வண்டிதான் மெத்தை.

அறிகுறி: விடியுமுன் மூக்கைத் தட்டி எழுப்புகிறது

பூனை அந்தியிலும் விடியலிலும் வேட்டையாடும் பிராணி. நீங்கள் கம்பளியை இழுத்துப் போர்த்தும் நேரம் அதற்கு வேலை நேரம். அத்துடன், ஒருநாள் அது கத்தியதும் நீங்கள் எழுந்து மீனை எடுத்து வைத்திருப்பீர்கள். கத்தினால் மீன் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது.

சரிசெய்யும் வழி இராத்திரியில் இருக்கிறது. படுக்கும் முன் ஒரு குச்சியின் நுனியில் துணியைக் கட்டித் தரையோடு இழுத்து, பூனை மூச்சு வாங்கும் வரை ஓட விடுங்கள். கடைசியில் துணியைப் பிடித்துக்கொள்ள விட்டுவிடுங்கள். பிடிக்கவே விடாத விளையாட்டு அதைத் தூங்க விடாது. விளையாட்டு முடிந்ததும் அன்றைய சாப்பாட்டில் ஒரு பங்கை வையுங்கள். வேட்டை, தீனி, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது பூனையின் இயல்பான வரிசை. விடியற்காலைக் கத்தலுக்கு எழுந்திருக்கவே கூடாது. முதல் சில நாட்கள் கத்தல் கூடும், அப்போது இளகினால் இத்தனை நாள் பொறுத்ததும் வீண். எழுந்தவுடன் முதல் வேலையாகத் தீனி வைக்காமல், பல் துலக்கி டீ போட்ட பிறகு வைத்தால், நீங்கள் எழுவதற்கும் அதன் சாப்பாட்டுக்கும் உள்ள முடிச்சு அவிழும்.

வயதான பூனை திடீரென இரவில் கத்தத் தொடங்கினால் இந்த வைத்தியம் பொருந்தாது. தைராய்டு, இரத்த அழுத்தம், காது கேளாமை என்று காரணங்கள் உண்டு. டாக்டர் பார்க்கட்டும்.

அறிகுறி: ஸ்வெட்டரைப் பிசைந்து சப்புகிறது

முன்கால் இரண்டையும் மாற்றி மாற்றி ஊன்றி, சப்பாத்தி மாவு பிசைவது போலப் பிசையும். கண் பாதி மூடியிருக்கும், வாயோரம் எச்சில் வடியும், தொண்டையில் குர்ர் என்ற சத்தம் ஓயாது. குட்டியாக இருந்தபோது தாயின் மடியை இப்படி அழுத்தித்தான் பால் வரவழைத்தது. கம்பளியின் மென்மையும் சூடும் அந்த நினைப்பைக் கிளப்புகின்றன. தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டிகளிடம் சப்பும் பழக்கம் கூடுதலாகத் தெரியும். குட்டி எடுக்கும்போது எட்டு வாரமாவது தாயோடு விட்டுவையுங்கள், பன்னிரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது.

பிசைவதைத் தடுக்க வேண்டாம். பிசைய ஒரு பழைய சால்வையை அதற்கென்றே கொடுத்துவிட்டு, தோடர் பூவேலை செய்த சால்வை போன்றவற்றைப் பீரோவில் வையுங்கள். அந்தச் சிவப்பு, கறுப்பு நூல்வேலையில் நகம் மாட்டினால் இழை எழும்பிவிடும்.

இங்கே உண்மையான ஆபத்து நூல்தான். மலையில் பின்னல் ஊசியும் கம்பளி நூலும் இல்லாத வீடு குறைவு. பூனையின் நாக்கில் உள்நோக்கிய முட்கள் உண்டு, நூல் வாய்க்குள் போனால் அதனால் துப்ப முடியாது. ஒரு முனை நாக்கடியில் சிக்கி, மறுமுனை குடலுக்குள் போய், குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பின்னல் வேலை முடிந்ததும் நூல்கண்டு மூடியுள்ள டப்பாவுக்குள் போக வேண்டும்.

அறிகுறி: தடவினால் சுருக்கென்கிறது, பூனை துள்ளி ஓடுகிறது

ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட குளிரில் மட்டும் வரும். கம்பளியும் பூனை ரோமமும் உரசி மின்னேற்றம் சேர்கிறது, விரல் அதன் மூக்கில் படும்போது பாய்கிறது. கையை லேசாக ஈரமாக்கிக்கொண்டு தடவினால் போதும்.

சுருக்கென்ற எதுவும் இல்லாமலே, மடியில் கிடந்து தடவலை ரசித்த பூனை சட்டென்று கடித்தால் அது வேறு. அதற்குப் போதும் என்றாகிவிட்டது. வால் நுனி துடிப்பதும் காது பின்னால் திரும்புவதும் முதுகுத் தோல் சிலிர்ப்பதும் முன்னறிவிப்புகள். அவற்றைக் கண்டதும் கையை எடுத்துவிடுங்கள். பல்லோ நகமோ பட்டு இரத்தம் வந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். குன்னூரில் 1907 முதல் இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இந்த நோய்க்கான தடுப்பூசிக்குப் பேர்போனது. அந்த ஊர்க்காரர்கள் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது. பூனைக்கும் மூன்று மாதமானதும் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் மறுபடியும்.

அறிகுறி: வர்க்கிப் பொட்டலம் கிழிந்திருக்கிறது

சர்க்கரை ஆசை என்று நினைக்காதீர்கள். பூனையால் இனிப்பை உணர முடியாது. இனிப்பை அறியும் மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் பழுதாகிக் கிடப்பதை 2005-இல் கண்டறிந்தார்கள். வர்க்கியில் அதை இழுப்பது கொழுப்பின் மணம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியின் அடுக்குகள் உதிர்வதே அந்தக் கொழுப்பால்தான். ஒரு துண்டு தின்றதால் ஒன்றும் ஆகாது, பழக்கமாக்கினால் வயிறு கெடும். ஊட்டிக் கடைகளின் ஹோம்மேட் சாக்லேட்டைக் கொழுப்புக்காக நக்கினால் அது நஞ்சு. இரண்டையும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள், பிளாஸ்டிக் பையை நம்ப வேண்டாம்.

அறிகுறி: தட்டில் சாப்பாடு அப்படியே இருக்கிறது, பூனை மட்டும் பெருக்கிறது

எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்கள் அதிகம் சொல்வது இது. வரிசை வீடுகளுக்கு மேலே ஒரே கூரை. அட்டத்தில் ஏறினால் பூனைக்குச் சுவரே கிடையாது. காலையில் முதல் வீட்டில் பால், பத்து மணிக்கு மூன்றாம் வீட்டில் கருவாடு, சாயங்காலம் கோடி வீட்டில் முட்டை. ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு பெயர், எல்லாப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கும். "அக்கா, எங்க மணி ரெண்டு நாளா சரியா சாப்பிடல" என்று ஒருவர் கவலைப்பட, "எது, எங்க சின்னியா? இப்பத்தான் மத்தி மீன் தின்னுட்டுப் போச்சு" என்று மற்றவர் சொல்லும்போது விஷயம் வெளிவரும்.

நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும். விலாவில் கை வைத்துப் பாருங்கள். லேசாக அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால், இழுத்தால் கழன்றுவிடும் வகைப் பட்டையில் "எனக்குச் சாப்பாடு ஆகிவிட்டது, எங்கள் வீட்டு எண் இது" என்று சீட்டெழுதிக் கழுத்தில் கட்டி அனுப்புங்கள். பதில் சீட்டோடு திரும்பும். பிறகு வீட்டுக்காரர்கள் கூடிப் பேசி ஒருவர் மட்டும் வைப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம். பாலை எல்லோருமே நிறுத்தலாம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது.

இதற்கு நேர்மாறாக, தீனி குறையாமலே இளைக்கிறது என்றால் குடல் புழு, தைராய்டு, சர்க்கரை என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி: மண் தட்டைத் தாண்டி மெத்தையில் போகிறது

குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி மழையிலும், கூடலூர், பந்தலூரில் ஆடி மழையிலும் வரும் தொல்லை. வெளியே தோட்டம் சேறு, உள்ளே தட்டு மண் சில்லென்று ஈரம். காய்ந்து வெதுவெதுப்பாக இருப்பது உங்கள் மெத்தைதான். மழைக்கு முன்பே ஆற்று மணலைக் காயவைத்து மூட்டை கட்டிக்கொள்ளுங்கள், அல்லது மரத்தூள் உருண்டை வாங்குங்கள். தட்டைத் தினமும் அள்ளிச் சுத்தம் செய்து, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வையுங்கள். விறகுச் சாம்பலைப் போடாதீர்கள், ஈரம் பட்டால் அதன் காரம் பாதத்தைப் புண்ணாக்கும்.

ஆனால் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டுக்கு மேல் வரவில்லை, கத்துகிறது, பின்பக்கத்தையே நக்குகிறது என்றால், அதிலும் அது கடுவன் என்றால், மூத்திரம் அடைத்திருக்கிறது. குளிரில் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பூனைக்கு இது எளிதில் வரும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். விடியட்டும் என்று இருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். இது வராமல் காக்க, சாப்பாட்டில் தண்ணீர் கலந்து கொடுப்பது நல்லது. குளிர் நாளில் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் கூடுதலாகக் குடிக்கும்.

அறிகுறி: தும்முகிறது, மூக்கு ஒழுகுகிறது, வீட்டில் தைலம் இருக்கிறது

நமக்குச் சளி பிடித்தால் நீலகிரித் தைலம் தேய்க்கிறோம், மூட்டு வலிக்குக் கல்தேரியா எண்ணெய். பாசத்தில் பூனையின் நெஞ்சிலும் தேய்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பூனை எதைத் தேய்த்தாலும் நக்கிவிடும், அதன் ஈரலால் இவ்வகைப் பொருள்களைச் சரியாகச் சிதைக்க முடியாது. கல்தேரியாவில் இருப்பது ஆஸ்பிரின் வகைச் சத்து, பூனை உடம்பை விட்டு வெளியேற நாட்கணக்காகும். பாராசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு நஞ்சு. தும்மும் பூனைக்கு மூக்கைத் துடைத்து, மீனைச் சூடாக்கி மணத்தோடு வையுங்கள். மூக்கடைத்தால் மணம் தெரியாமல் சாப்பிடாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் போகலாம்.

பூக்களையும் இதோடு சொல்லிவிடுகிறேன். பசுமைக்குடிலில் வளர்த்து விற்கும் லில்லியத்தின் இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் சில நாட்களில் அழித்துவிடும். பூனை இருக்கும் வீட்டுக்குள் அந்தப் பூவே வேண்டாம். ஓடையோரம் வெள்ளையாகப் பூக்கும் காலா லில்லி வேறு இனம். கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும், அந்த அளவுக்கு உயிராபத்து இல்லை.

அறிகுறி: ஜன்னலருகே தாடை துடிக்க, கெக்கெக்கென்று சத்தம்

வெளியே கொண்டைக்குருவி உட்கார்ந்திருக்கும். எட்டாத இரையைப் பார்த்த துடிப்பு, நோயில்லை. ஜன்னல் மூடியே இருக்கட்டும். நீலகிரிச் சிரிப்பான் இந்த மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத பறவை, அது உங்கள் தோட்டத்துப் புதரில் கூடு கட்டும்.

அறிகுறி: இருட்டியும் வீடு திரும்பவில்லை

மற்ற ஊர்களில் காத்திருக்கலாம். இங்கே சிறுத்தை தேயிலைத் தோட்டம் வழியாகத் தெருவுக்குள் வருகிறது. அன்றைய பெரிய சாப்பாட்டைத் தினமும் அந்திக்கு முன்பே, ஒரே நேரத்தில், ஒரே தட்டைத் தட்டி வையுங்கள். சில வாரத்தில் தட்டுச் சத்தம் கேட்டதும் தோட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் ஓடி வரும். வந்ததும் கதவைப் பூட்டிவிடுங்கள். படுக்கும் முன் வைக்கும் பங்கை இதிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம். கருத்தடை செய்த கடுவன் அலைவது குறையும். மழைக்காலத்தில் வந்ததும் விரலிடுக்கு, காதோரம், மூக்கு ஆகியவற்றில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் மெல்ல நெம்பி எடுக்கலாம். மூக்கினுள் புகுந்திருந்தால் டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

அறிகுறி: கூடையைக் கண்டதும் காணாமல் போகிறது

கூடை வெளியே வந்தாலே ஊசி என்று அதற்குத் தெரியும். ஆகவே கூடையை உள்ளே வைக்காதீர்கள். ஆண்டு முழுக்கக் கூடத்திலேயே, மூடியைத் திறந்து, கம்பளித் துண்டோடு கிடக்கட்டும். குளிரில் தானே உள்ளே போய்த் தூங்கும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு வருகிறவர்களுக்குக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்துங்கள், கூடையை மடியில் வைக்காமல் கால் வைக்கும் இடத்தில் இறுக்கமாக நிறுத்தி மேலே ஒரு துணி போர்த்துங்கள். குட்டிகளுக்கும் நோயாளிப் பூனைக்கும் பட்டினி போடும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

அறிகுறி: ஆஸ்பத்திரி போய்வந்த பூனையைப் பார்த்து வீட்டிலிருந்த பூனை சீறுகிறது

பூனைகள் ஒன்றையொன்று மணத்தால் அடையாளம் காண்கின்றன. திரும்பி வந்ததன் உடம்பில் மருந்து, வேறு பிராணிகள், டாக்டரின் கை என்று அந்நிய மணம். வீட்டுப் பூனைக்கு வந்திருப்பது யாரோ. வந்ததை ஓர் இரவு தனி அறையில் வையுங்கள். ஒரே துண்டால் முதலில் வீட்டுப் பூனையின் கன்னத்தைத் துடைத்து, பிறகு வந்ததன் முதுகைத் துடைத்துவிடுங்கள். மறுநாள் கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு வைத்து, இரண்டும் சீறாமல் தின்றால் கதவைத் திறக்கலாம். சீறினால் இன்னொரு நாள் அதே ஏற்பாடு, அதே துண்டு.